என் பங்கு இருபது தப்படி

சாய்கல் கடைமடையில் தனியாக வண்டல் அள்ளுகிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எட்டு வருடம் எங்கள் ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் மிராப்பாக இருந்தவன் நான். இந்த வசந்தத்தில் ஊர்க்கூட்டம் கை தூக்கி என்னை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்த அவளை ஏற்றி வைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் பெரிய மதகைத் திறப்பார்கள், ஒரே ஒரு நாளுக்கு. அதற்குள் வாய்க்காலைத் தூர்வாராவிட்டால் கடைமடையில் முளைத்த பீன்ஸ் எல்லாம் கருகிவிடும். கருகட்டும், அப்போது தெரியும் என் அருமை என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

என் காலத்தில் விசில் ஊதுவேன். வீட்டுக்கு இருபது தப்படி தூர்வார வேண்டும். வராதவன் மடையை அடைத்துவிடுவேன். எல்லோரும் வந்தார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அள்ளிய வண்டலைக் கரை விளிம்பிலேயே கொட்டிவிட்டுப் போவார்கள். முதல் மழையில் பாதி திரும்ப உள்ளே வந்துவிடும். சாய்கல் ஒவ்வொரு வெட்டையும் இரண்டடி தள்ளி வீசினாளாம். அவள் நிலமோ தலைமடையில். தூர்வாராவிட்டாலும் அவளுக்குப் பாயும்.

அவளைக் கிண்டல் செய்யப் போன என் கூட்டாளி டொக்டோசுன், மாலையில் முழங்கால்வரை சேற்றோடு என் வீட்டில் தேநீர் குடித்தான்.

"என்னடா இது கோலம்?"

"'கத்திக் கூப்பிடுக்கா, நாலு பேரு வருவாங்க'ன்னேன். 'கத்தினா சேறு வெளிய வந்துடுமா தம்பி? வந்தது வந்த, அந்தக் கல்லை ஒரு கை பிடி'ன்னுச்சு. பிடிச்சேண்ணே. அப்புறம் எப்படி விட்டுட்டு வர்றது?"

அப்படியே ஒவ்வொருவராகச் சேர்ந்து, வெள்ளிக்கிழமை காலை முப்பது பேர் அள்ளிக்கொண்டே என் வாசல் வரை வந்துவிட்டார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"இந்த ஆளு வரமாட்டாரு. அவர் பண்ணின மாதிரியே அவர் மடையை அடைச்சிடுக்கா," என்றது ஒரு குரல்.

"அது அசனாலி அண்ணன் பங்கு. வருவாரு," என்றாள் சாய்கல். என் ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் இருபது தப்படியைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுப் பங்கில் இறங்கினாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? இதில் வேடிக்கை, என் வீட்டில் மண்வெட்டியே இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் கேட்கும்போது எனக்குக் காது சூடானது.

இறங்கினேன். முதல் வெட்டைப் பழைய வழக்கப்படி விளிம்பிலேயே போட்டேன். அடுத்த வீட்டுப் பங்கை முடித்துவிட்டு வந்த சாய்கல் அதை அள்ளி இரண்டடி தள்ளி வீசிவிட்டு, கரையேறி ரொட்டியைப் பிட்டாள். அடுத்ததை நானே தள்ளி வீசினேன். முதுகு விண்ணென்றது. பத்து தப்படி போவதற்குள் மதியமாகிவிட்டது. மேலேயிருந்து டொக்டோசுன் குரல் கொடுத்தான்.

"மதகு திறந்தாச்சு! தண்ணி வருது!"

வேலை முடித்துக் கரையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் இறங்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். மிராப்பாக இருந்த எட்டு வருடத்தில் நான் இந்த ஊரில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"ஒரு கை குடுங்கப்பா," என்றேன்.

தொப்தொப்பென்று ஆட்கள் குதிக்க, சேறு என் முகத்தில் தெறித்தது. வளைவில், போன வருடச் சருகையெல்லாம் தள்ளிக்கொண்டு, பழுப்பு நிறத்தில் தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.