உமிக்குள் ஒரு தூக்கு

என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. அதற்காக ஏழாம் வகுப்பில் நான் வாங்காத திட்டு இல்லை. வகுப்பிலேயே ஐஸ்கிரீம் செய்யப் போகிறோம் என்று ஷோபனா டீச்சர் சொன்னதும் என் பெஞ்சே ஆடியது.

பாலுக்கு எவ்வளவு சர்க்கரை என்பது கணக்குப் பாடம். ஐஸ்கட்டியில் கல்லுப்பைக் கொட்டினால் குளிர் ஏன் கூடுகிறது என்பது அறிவியல். அந்த உப்பு வேதாரண்யத்தில் எப்படி விளைகிறது என்பது சமூக அறிவியல். செய்முறையைப் பிழையில்லாமல் எழுதினால் தமிழ். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. எப்போது உறையும், எப்போது தின்போம், அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டது என் பக்கத்துப் பெஞ்சு ஆஷிகா. பால் தூக்குச்சட்டியை உப்பு ஐஸுக்குள் கை விறைக்க விறைக்கச் சுற்றியதும் அவள்தான். பால் கட்டியானதும் எல்லோரும் கரண்டியோடு பாய்ந்தோம். அள்ளி விழுங்கிவிட்டுத் திரும்பினால், அவள் மட்டும் சுவரோரம் நின்றாள்.

"நோன்புடி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. டீச்சர் முகமும் வாடிவிட்டது. "எனக்குத் தோணவே இல்லையேம்மா."

"அவ பங்கை எடுத்து வைப்போம் டீச்சர்" என்றேன்.

ஆனால் பள்ளியில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஆஷிகா வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேர். "வெளிச் சூட்டை உள்ள விடாம எது தடுக்கும்? யோசிங்க" என்றார் டீச்சர்.

"உமி!" என்று கத்தினான் மதிவாணன். பள்ளிக்கு எதிரிலேயே அவன் அப்பாவின் ரைஸ்மில். ஓடிப்போய் ஒரு சாக்கு உமி கொண்டுவந்தான். பெரிய வாளியில் ஆஷிகாவின் பங்கு இருந்த தூக்கு, அதைச் சுற்றி உப்பு ஐஸ் பை, அதைச் சுற்றி உமி, மேலே மூடி.

"திறந்தா சூடு உள்ள போயிடும். யாரும் தொடக் கூடாது" என்றார் டீச்சர்.

சாப்பாட்டு மணி அடித்ததும் நான் திறந்தேன். சும்மா பார்க்கத்தான். பிறகு மதிவாணன் திறந்தான். மறுபடியும் நான் பார்த்தபோது ஓரமெல்லாம் பாலாக இளகியிருந்தது. பயம் வந்துவிட்டது. மதிவாணனை அடிக்கக் கை ஓங்கினேன். என் கையெல்லாம் உமி.

வாளியைத் தூக்கி ஆஷிகாவிடமே கொடுத்தேன். "நீயே வெச்சுக்கடி. எங்க யாரையும் நம்பாத. என்னையும்தான்."

அவள் வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டாள். உதடு காய்ந்திருந்தது. பாடம் முழுக்க நான்தான் வாளியைப் பார்த்துப் பார்த்துச் செத்தேன்.

"உனக்குத் திறந்து பாக்கணும்னே தோணலையா?"

"தோணும். பாங்கு சொல்லட்டும்னு விட்டுடுவேன்."

சாயங்காலம் அவள் வீட்டுக்கே போய்விட்டேன். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். "உக்காரும்மா. நோன்பு வெச்சவளே சும்மா இருக்கா" என்று சிரித்தார் அவள் அம்மா மெஹராஜ் பேகம்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஆஷிகா பேரீச்சம்பழம் தின்றாள், தண்ணீர் குடித்தாள், உமியைத் துடைத்துத் தூக்கைத் திறந்தாள். ஓரம் கரைந்திருந்தது. நடுவில் கட்டியாக நின்றது. நான் குதித்தேன்.

ஒரு வாய் தின்று கண்ணை மூடினாள். அடுத்த கரண்டியை என்னிடம் நீட்டினாள்.

"நான்தான் காலையிலேயே தின்னுட்டேனே."

"எங்க தின்ன? முழுங்கின."

வாங்கி வாயில் வைத்தேன். அது தானாகக் கரையும்வரை அசையாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.