துணை மேலாளரின் தனிநடை

மனித குல வரலாற்றில் பொறித்து வைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு: காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் துணை மேலாளர், பனிமூட்டத்துக்குப் பேர்போன மேட்டுப் புல்வெளியை நாள்கணக்கில் தன்னந்தனியாக நடந்து கடக்கத் திருவுளம் கொண்டார்.

காரணம் இருந்தது. அலுவலகத்தில் தலைமைப் பண்புப் பயிற்சிக்கென்று புதிதாக ஒரு பதவி முளைத்திருந்தது. தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. அந்தப் பலகையை நினைத்து அவருக்குத் தூக்கம் போயிற்று. "ஒத்த ஆளா நடந்து முடிச்சிட்டு வரேன் சார். அப்புறம் நீங்களே சொல்லுங்க, யாருக்குத் தகுதின்னு" என்று இயக்குநரிடம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் இயக்குநர் "செய்யுங்க" என்றார். அதை இவர் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.

மனைவி காலுறைகளை மடித்து வைத்தபடி, "மாடிப்படி லைட்டுக்கு எந்த சுவிட்சுன்னு இன்னும் தெரியாது. பனியில வழி கண்டுபிடிக்கப் போறீங்களாக்கும்" என்றாள்.

"உனக்குப் புரியாதும்மா. இது உள்முகப் பயணம்."

"உள்ளுக்குள்ள போறதுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய பை?"

அந்த வழியில் மஞ்சள் பூசிய கம்பங்கள் நட்டிருக்கும். பனி இறங்கினால் கம்பத்தடியில் நிற்க வேண்டும். அடுத்த கம்பம் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். தொடக்கத்திலேயே பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். கடைசி நாள் காலையில் பனி இறங்கியது. நின்றார். நிற்பது அவருக்கு இழுக்காகப் பட்டது.

"தலைவன் காத்திருப்பதில்லை" என்று கைபேசியில் பதிவு செய்தார். பதவி கிடைத்ததும் எடுக்கப்போகும் முதல் வகுப்பின் முதல் வாக்கியம். கம்பீரம் போதவில்லை என்று தோன்றவே, குரலைத் தாழ்த்தி, பிறகு உயர்த்தி, கையை வீசிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். வாக்கியம் கச்சிதமாக அமைந்தபோது முன்னாலும் கம்பம் இல்லை, பின்னாலும் இல்லை. முழங்கால்வரை சேறு இருந்தது.

எவ்வளவு நேரம் தடவித் திரிந்தாரோ, எதிரே வெளிறிய உருவங்கள் சில அமைதியாக நின்றன. போன உயிர் திரும்பியது. தொண்டையைச் செருமி, பதவியோடு சேர்த்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பதிலுக்கு ஒன்று இருமியது. ஆடுகள்.

அவை நடந்தன; இவரும் நடந்தார். அவை நின்றன, இவரும் பவ்வியமாக நின்றார். இயக்குநருக்குப் பின்னால்கூட அவர் அவ்வளவு பணிவாகப் போனதில்லை.

அவை போய்ச் சேர்ந்த சாலையோரம் ஒரு டிராக்டர்க்காரர் அவற்றைப் பின்வண்டியில் ஏற்றத் தொடங்கினார். "எங்க சார் போகணும்?"

"இந்த நடைவழி முடியற இடத்துக்கு."

"அந்தப் பக்கந்தான் போறேன். முன்னாடி நாய் உக்காந்திருக்கு. பின்னால பத்தோட பதினொண்ணா ஏறிக்குங்க."

ஏறிக்கொண்டார். கடைசித் திருப்பத்துக்கு முன்பே, "இங்கயே நிறுத்துப்பா, மிச்சத்தை நடந்துக்கறேன்" என்று இறங்கி, தாடையை உயர்த்திக்கொண்டு நடந்தார். அலுவலகமே வரவேற்புப் பதாகை பிடித்துக் காத்திருந்தது. கைதட்டல். கணக்கர் மட்டும், "சார், ஸ்வெட்டர்ல என்ன, வெள்ளையா ரோமம்?" என்றார்.

"காட்டுல என்னென்னவோ ஒட்டும்ப்பா."

அதற்குள் டிராக்டர் வந்து பக்கத்தில் நின்றது. "சார், ஊன்றுகோலை ஆட்டுக்கு நடுவுலயே விட்டுட்டீங்க."

கைதட்டல் நின்றது. ஆடுகள் அவரைப் பழகிய முகமாகப் பார்த்தன. தட்டச்சர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். துணை மேலாளர் கோலை வாங்கிக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமின்றி இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"சார், தலைவன்னா மத்தவங்களோட சேர்ந்து போகவும் தெரிஞ்சிருக்கணும்."

இயக்குநர் ஆடுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு கைபேசியைப் பார்த்தார். "திங்கட்கிழமையிலேர்ந்து அந்த அறையை எடுத்துக்குங்க" என்றார்.

அந்தப் பதவிக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.