எட்டு லிட்டர் ஆயில்

டீச்சருடைய கார் பட்டறைக்குள் நுழையும் முன்பே அதன் புகை உள்ளே வந்துவிட்டது. நீலப் புகை. திங்கட்கிழமை ஆயில் மாற்றிக் கொடுத்த வண்டி, வியாழக்கிழமை காலையில் வாசலில் நின்று எங்கள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

"மேடு ஏறினா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சுத் திட்டறான். உங்ககிட்ட விட்டதுக்கு அப்புறம்தான் இப்படி" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு டீச்சர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அன்றைக்கு அது நேராகப் போய் இறங்கிய இடம் மாப்பிள்ளை, என் தங்கையின் புருஷன். அவன் வேலை பார்த்த நூல் ஆலையை மூடியதும் தங்கை வந்து அழுதாள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் சேர்த்துக்கொண்டேன். கை சுத்தம், வாய் சுத்தம், வேலைதான் ஆமை வேகம். போன மாதம் ஒரு வண்டியின் காற்றுக் குழாய்க்குள் துணியை மறந்துவிட்டு மூடிவிட்டான். அதிலிருந்து எது நடந்தாலும் என் கண் முதலில் அவன் பக்கம்தான் திரும்பும்.

"இதுவும் உன் கைவேலைன்னு தெரிஞ்சா நாளையிலேருந்து வராதே மாப்ளே. தங்கச்சி வந்து கால்ல விழுந்தாலும் சரி."

அவனுக்கு வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், எல்லாம் அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"முதல்ல ஆயில் குச்சியை இழுத்து அளவு பாப்போமா மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நாலு லிட்டர் டப்பா, நாலு லிட்டர் எஞ்சின். குச்சி என்ன புதுசா கதை சொல்லப்போகுதா?"

கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டர்போ வண்டியில் நீலப் புகையைக் கண்டால் நான் வேறெங்கும் பார்க்க மாட்டேன். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற அந்தச் சின்னச் சக்கரத்தின் அச்சு தேய்ந்துபோனால், ஆயில் கசிந்து காற்றோடு உள்ளே போகும். முப்பது வருஷத்தில் எத்தனையோ பார்த்தாயிற்று.

டர்போவுக்குக் காற்று வரும் ரப்பர் குழாயைக் கழற்றினோம். உள்ளே ஆயில் ஈரம். "பாத்தியா!" என்றேன். ஆனால் விரலை விட்டுச் சக்கரத்தை ஆட்டினால் இம்மியும் ஆடவில்லை. டர்போ நன்றாக இருந்தது. அப்போதாவது அவன் சொன்ன குச்சியை இழுத்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

"நான் முடுக்கறேன். எங்கேருந்து ஆயில் வருதுன்னு நீ முன்னாடி நின்னு பாரு" என்று வண்டியில் ஏறினேன். கழற்றிய குழாயை மாட்டவில்லை. மாட்டி மறுபடி கழற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது!

ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன். எஞ்சின் ஏறியது. காலை எடுத்தேன், இறங்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தேன், அணையவில்லை. குழாய்களில் மூன்று நாளாய்த் தேங்கியிருந்த ஆயிலை உறிஞ்சி, டீசலே இல்லாமல் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பட்டறை முழுக்கப் புகை. கூரைத் தகரம் அதிர்ந்தது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டிருந்தால் மூச்சடங்கி நின்றிருக்கும். இதை நான் பத்து பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளைதான் காற்றை அடைக்க ஓடினான். கையில் இருந்த துணியோடு திறந்து கிடந்த டர்போவின் வாயைப் பொத்தினான். சக்கரம் துணியை இழுத்தது, துணியோடு கையையும் இழுத்தது. எஞ்சின் நின்ற பிறகுதான் அவன் அலறல் எனக்குக் கேட்டது.

வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. ஒட்ட வைக்க எதுவும் மிஞ்சவில்லை என்று டாக்டர் சொன்னார்.

தங்கைக்குத் தகவல் சொல்லிவிட்டு, மதியம் பட்டறைக்குத் திரும்பினேன். குச்சியை இழுத்தால் மேல் கோட்டைத் தாண்டி நாலு விரல் உயரத்துக்கு ஆயில். அடியில் பாத்திரம் வைத்துத் திறந்துவிட்டேன். நாலு லிட்டர் வந்தது. அப்புறமும் வந்தது. கிட்டத்தட்ட எட்டு லிட்டர். அளவுக்கு மிஞ்சின ஆயில்தான் எஞ்சின் மூச்சு விடும் குழாய் வழியாகக் காற்றுக் குழாய்க்குள் ஏறியிருக்கிறது.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆயில் ஊற்றினாலும் காலி டப்பாவை எஞ்சின்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும், அடுத்தவன் மறுபடி ஊற்றிவிடாமலிருக்க. நான் போட்ட சட்டம். திங்கட்கிழமை மாப்பிள்ளை ஊற்றி, டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போனான். ஆயில் கடைக்காரன் பில்லில் வேறு ஆயில் நம்பரைப் போட்டுவிட்டான் என்று நான் போனில் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின்மேல் இருந்த டப்பாவை எடுத்து, நம்பரை அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டு, சண்டை சூட்டில் மூலையில் எறிந்தேன். கத்தி முடித்துத் திரும்பி வந்தால் எஞ்சின்மேல் டப்பா இல்லை. எடுத்தது நானேதான் என்பது மறந்துபோய், புது டப்பாவை உடைத்து ஊற்றினேன்.

கை கழுவாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது. தங்கை முன்னால், அவன் முன்னால், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

மாப்பிள்ளை விழித்திருந்தான். கட்டுப் போட்ட கை தலையணைமேல் கிடந்தது. பக்கத்தில் தங்கை.

"ஆயில் அதிகமா இருந்துச்சா மச்சான்?" என்றான்.

"ஆமா. எட்டு லிட்டர்."

கண்ணை மூடிக்கொண்டான். "அப்போ நான்தான் ஊத்தினதை மறந்துட்டு ரெண்டாவது தடவை ஊத்தியிருக்கேன். கொஞ்ச நாளா தலை ஒரு நிலையில இல்ல மச்சான். துணியை மறந்த மாதிரியேதான்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் பண்ணினதுக்கு நீங்க என்ன செய்வீங்கண்ணா. வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. இந்தக் கையை வெச்சுக்கிட்டு வேற எங்க போவாரு?"

"அனுப்ப மாட்டேன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. சேர்த்து வைத்திருந்த மற்ற வார்த்தைகள் வரவில்லை.

தங்கை என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நன்றி சொன்னாள். மாப்பிள்ளையும் சொன்னான்.