சாய்ராம் கேட்ட மன்னிப்பு

சாய்ராம் நாற்காலியில் உட்கார்ந்து வேகவேண்டும். அதைக் கண்ணால் பார்க்கத்தான் ஃப்ரீமான்ட்டிலிருந்து ஹூஸ்டனுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். பூல் என்கிற மேசைப் பந்தாட்டத்தில் எனக்குப் பிடித்த கொடுமை ஒன்று உண்டு. எதிராளி பந்துகளைக் குழியில் போட்டுக்கொண்டே இருக்கும்வரை நீங்கள் மேசைப் பக்கம் போகக்கூடாது. ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள், அதில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம், பந்தடிக்கும் கியூ கோலைத் துடைக்கலாம், வேறு எதுவும் செய்ய முடியாது. என் கணவன் செழியன் ஆட, சாய்ராம் அப்படி மூன்று நாள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆறு வருஷமாக நான் வேண்டாத சாமி இல்லை.

இரண்டு பேருக்கும் பூல்தான் பிழைப்பு. நாங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தபோது சாய்ராம் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். என் கை வத்தக்குழம்புக்கு மூன்றாவது தடவை சாதம் போட்டுக்கொண்ட ஆள். அப்போது ஒரு பெரிய பந்தய ஆட்டத்தில் செழியன் மேல் அவன் பணம் கட்டியிருந்தான். கடைசி ஆட்டம், கடைசிப் பந்து. சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும் பந்தை செழியன் தவறவிட்டான். கை நடுங்கிவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் சாய்ராம் ஒரு வீடியோ போட்டான். "செழியன் வேணும்னே மிஸ் பண்ணான். மேட்ச்ச வித்துட்டான்."

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பழி கிடையாது. பெரிய பந்தயங்களில் ஆட்டக்காரன் சொந்தப் பணத்தில் ஆடுவது குறைவு. அவனை நம்பி இன்னொருவர் பணம் கட்டுவார். விற்றவன் என்று பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் எவர் கட்டுவார்? ஒருவரும் கட்டவில்லை. ஒரு வளைகாப்பில் நான் தட்டும் கையுமாக நிற்கும்போது ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள், "அந்த மேட்ச்ல உங்களுக்கு எவ்ளோ வந்துச்சு?" சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த வருஷமே வீட்டைக் காலி செய்துகொண்டு கலிஃபோர்னியா வந்துவிட்டோம். செழியன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனான்.

அவனை மறுபடி நம்பியவர் பிளசன்டனில் மளிகைக் கடை வைத்திருக்கும் பத்மநாபன் அங்கிள். "நான் கட்டறேம்பா, நீ ஆடு" என்றார். சாய்ராமோடுதான் பந்தயம். முதலில் நூறு ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பணம், மூன்று நாள், ஹூஸ்டனில் ஒரு பூல் ஹால். நான் ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தேன். சாய்ராம் தோற்றால் மைக்கைப் பிடித்து, நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அன்றைக்குச் சொன்னது தப்பு என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். "அதுக்கென்ன, கேட்டா போச்சு" என்றான், பெரிய இவன் மாதிரி.

முதல் இரண்டு நாளும் எனக்குத் தீபாவளிதான். செழியன் மேசையை விட்டு லேசில் நகரவில்லை. சாய்ராமின் முகம் சுண்டியதை நான் பாப்கார்ன் தின்றுகொண்டே பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் செழியன் எண்பத்து நாலு, சாய்ராம் அறுபத்தொன்று.

கிளம்பும்போது சாய்ராம் அங்கிளிடம் வந்தான். "இப்டியே போச்சுன்னா நாளைக்கு லஞ்ச்சுக்கு முன்னாடியே தோல்விய ஒத்துக்கிட்டு கை குடுத்துடறேன் அங்கிள். சொல்ல வேண்டியத சொல்லிட்டு ஃப்ளைட்ட புடிக்கணும்."

எனக்குப் பகீரென்றது. ஏனென்றால் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வாட்ஸ்அப் குழுக்கள் அத்தனையிலும் நான் அழைப்பு அனுப்பியிருந்தேன். ஞாயிறு, ஹூஸ்டன் நேரம் நாலு மணி, நேரலையில் பாருங்கள் என்று, பூப்போட்ட பார்டரோடு. வளைகாப்பில் என்னைக் கேட்டவளுக்குத் தனியாகவும் ஒன்று. உள்ளூரில் தெரிந்த குடும்பங்களும் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு நாலு மணிக்குத்தான் ஹாலுக்கு வருவதாக இருந்தார்கள். மத்தியானமே அவன் முணுமுணுத்துவிட்டுப் போனால் அதை யார் பார்ப்பது?

காலையில் ஹோட்டலில் சாப்பிடும்போது செழியனிடம் சொன்னேன். "இன்னிக்கு ஒரு நாலு கேம் விட்டுக்குடு. கிட்ட வந்துட்டோம்னு தோணிச்சுன்னா அவன் கெளம்ப மாட்டான்."

அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான். "வேணும்னே மிஸ் பண்ண சொல்றியா? அதத்தானே, குமுது, அவன் சொன்னான்?"

"அவன் சொன்னது காசுக்காக விட்டேன்னு. இது அது இல்ல."

"மேட்ச் போயிடுச்சுன்னா? அங்கிள் பணம்."

"போகாது. நீ அவன விட நல்லா ஆடற. ஆறு வருஷம் நான் தலைய குனிஞ்சுக்கிட்டு இருந்தேன் செழியா. அவங்க எல்லாரும் பாக்கணும். எனக்காகப் பண்ணு."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பொய் அழுகை இல்லை. ஆனால் நான் அழுதால் அவன் மறுக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும், அதனால் அடக்கவும் இல்லை.

செய்தான். குழி வாயில் நின்ற ஒரு பந்தை இம்மி தள்ளி அடித்தான். அது விளிம்பில் இடித்துத் திரும்பியது. அந்த ஆட்டம் சாய்ராமுக்குப் போயிற்று. மத்தியானத்துக்குள் அப்படி நாலு ஆட்டம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. செழியனுக்குக் களைப்பு என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். நான் எதிர்பார்த்தபடியே சாய்ராம் நிமிர்ந்து உட்கார்ந்தான், ஃப்ளைட்டை மாற்றச் சொல்லி யாருக்கோ போன் செய்தான்.

நான் எதிர்பார்க்காதது, அவனுக்குக் கை வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து என்று வரிசையாக ஜெயித்துக்கொண்டே வந்தான். இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என் கணவன். அங்கிள் பையிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "பயப்படாதேம்மா. செழியன் என்னை விட்டுட மாட்டான்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். நாலு மணிக்கு ஹால் நிறைந்தபோது தொண்ணூற்று இரண்டுக்கு எண்பத்தாறு.

நல்லவேளை, அதற்குமேல் செழியன் எதையும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். நூறாவது ஆட்டத்தின் கடைசிப் பந்து விழுந்ததும் ஹாலே எழுந்து கை தட்டியது. அங்கிள் அவனைக் கட்டிக்கொண்டார். நான் மைக்கை எடுத்துப்போய் என் கையாலேயே சாய்ராமிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றான்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி, செழியன் வேணும்னு மிஸ் பண்ணான்னு சொன்னேன். அது தப்பு. அன்னிக்கு அவன் வேணும்னு பண்ணல. செழியா, என்னை மன்னிச்சுடு."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேட்டுக்கொள்ளுங்களடி என்று மனசுக்குள் கத்தினேன். அவன் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கே இது இன்னிக்குத்தான் கன்ஃபர்மா தெரிஞ்சுது. ஏன்னா, செழியன் வேணும்னு மிஸ் பண்ணா எப்டி இருக்கும்னு இன்னிக்குக் காலைல பாத்தேன். நாலு தடவ. அன்னிக்கு அவன் கை நடுங்குச்சு. இன்னிக்கு நடுங்கவே இல்ல. அந்த நாலு ஷாட்டையும் திருப்பிப் போட்டுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவனை அங்கேயே கிழித்துப்போட வேண்டும் போல இருந்தது.

அங்கிள் செழியன் தோளிலிருந்து கையை எடுத்தார். "என்னப்பா சொல்றான் இவன்?"

"பொய் அங்கிள்" என்று நான் முந்திக்கொண்டேன். "தோத்துட்டான்ல, வயித்தெரிச்சல்."

"இல்ல அங்கிள்" என்றான் செழியன். "நெஜந்தான். நாலு கேம் விட்டேன்."

ஜெயித்த பணத்தைப் பற்றி அங்கிள் ஒரு வார்த்தை பேசவில்லை. "யாராவது சொல்லிப் பண்ணியாப்பா?" என்று கேட்டார். கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

செழியன் என் பக்கம் திரும்பவே இல்லை. கியூவை இரண்டாகக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டே, "யாரும் சொல்லல அங்கிள், நானாத்தான்" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை.