சீரியல் அப்பா

டிவி நாடகங்களில் என் அப்பாவுக்கு ஒரே வேடம்தான்: பெண்ணைப் பெற்ற பாசக்காரத் தகப்பன். எத்தனையோ மகள்களைக் கட்டிக்கொடுத்து அழுதிருக்கிறார். எங்களைச் சொந்த ஊரான கம்பத்தில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனவர், சின்ன வயதில் நான் கோயிலில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய அன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. என்னை வளர்த்தது தாய்மாமன் சூசைதான்.

என் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் வந்து நின்றார். கிளிசரின் வைத்தாரோ என்னவோ, கண்ணீர் தயாராக இருந்தது. செல்ஃபி எடுக்கப் பாதிக் கூட்டம் அவர் பக்கம் ஓடியது.

"பீடம் வரைக்கும் அப்பாதாம்மா கூட்டிட்டுப் போகணும்" என்று கையை நீட்டினார்.

நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாடகத்துல ஆள் மாறுனா, 'இவருக்குப் பதில் இவர்'னு கீழ எழுத்துப் போடுவாகள்ல? இங்கன அதப் போட்டு வருசக்கணக்காச்சு. வழிய விடுங்க."