தோள்மேல் இருந்த கை

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேரளத்துக் காந்தலூருக்கு மேலே ஒரு தங்கும் விடுதியில் எவனோ ஆறு பேரைச் சுட்டான். நாலு பேர் செத்துப்போனார்கள். அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கேரள எல்லையோரம் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், மொய்தீனின் மளிகைக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாலரை மணிக்கெல்லாம் சுட்டவன் யார், எதற்குச் சுட்டான், எந்தப் பக்கம் ஓடினான் என்பது தெரிந்துபோயிற்று. போலீசுக்கு மட்டும்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

மொய்தீன் கடை டிவியில் தமிழ்ச் சேனலும் வரும், மலையாளச் சேனலும் வரும். தமிழ்ச் சேனல் சுட்டவன் கேரளத்து ஆசாமி என்றது. மலையாளச் சேனல் அவன் தமிழ்நாட்டுக்காரன் என்றது. பெஞ்சில் இருந்தவர்கள் கேரளத்தில் ரேஷன் கார்டும் தமிழில் வாயும் வைத்திருப்பவர்கள். அதனால் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்துக் கொலைகாரன் ஊர் மாறிக்கொண்டிருந்தான். ஏழு மணிக்கு ஒரு போலீஸ் அதிகாரி வந்து, ஒரு ஆளைத் தேடுகிறோம், ஆள் யாரென்று தெரியும், தயவுசெய்து யாரும் ஊகம் பேச வேண்டாம் என்று நாற்பது விநாடி சொல்லிவிட்டுப் போனார். அவர் எதை மறைக்கிறார் என்று இரண்டு சேனலிலும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

பெஞ்சின் நடுவில் கோகுல்நாத் உட்கார்ந்திருந்தான். கஞ்சிக்கோட்டில் இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவன். தூக்கம் கெடுகிறது என்று நாலு மாதத்துக்கு முன் விட்டுவிட்டான். இப்போது போனைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறான், சம்பளம் மட்டும் கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் வேறு யாருக்கும் இல்லாத ஒன்று அவனுக்கு இருந்தது. அவனுடைய தாய்மாமன் மோகனசுந்தரத்திடம் நிஜத் துப்பாக்கி உண்டு. காட்டுப்பன்றி கடலைக்காட்டை உழுதுவிட்டுப் போகிற ஊர் இது. பன்றியைச் சுட லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களைப் பஞ்சாயத்தே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. மாமன் பெயர் பட்டியலில் மூன்றாவது. மாமனுக்கு டார்ச் பிடித்த அனுபவத்தில் கோகுல்நாத் துப்பாக்கி நிபுணன். பன்றி திரும்பிப் பார்த்தபோது டார்ச்சைப் போட்டுவிட்டு இரண்டு முறை ஓடிய அனுபவமும் உண்டு. அதைப் பெஞ்சில் சொல்வதில்லை.

"அது பன்னி சுடற பன்னண்டு போர் துப்பாக்கிதானுங்க. சத்தத்த வெச்சே சொல்லலாம்" என்றான். சத்தத்தை அவன் கேட்கவில்லை. அதை யாரும் விசாரிக்கவும் இல்லை.

ஊரில் சொன்னது போதாதென்று அவனுக்குத் தோன்றியது. போன வருடம் பன்றித் தொல்லை பற்றிச் செய்தி எடுக்க வந்த ஜோபி என்கிற மலையாளச் சேனல் நிருபரின் நம்பர் அவனிடம் இருந்தது. பஞ்சாயத்துப் பாராட்டு விழா முடிந்தபின் எடுத்த போட்டோ ஒன்றையும் தேடி எடுத்தான். பொன்னாடையோடு துப்பாக்கி பிடித்தபடி மாமன். பக்கத்தில் மாமன் தோளில் கை போட்டபடி இவன். அடக்கம் கருதித் தன்னை வெட்டிவிட்டான். கை மட்டும் தோளிலேயே தங்கிவிட்டது. அதற்குக் கீழே எழுதினான்: இந்த மாதிரித் துப்பாக்கிதான். இவர் என் மாமா. தேங்காய் லோடு கொண்டுபோய் இப்போ காந்தலூரில்தான் இருக்கிறார், பேட்டி எடுக்க நம்பர் தருகிறேன். எலக்‌ஷனுக்காக அவர் துப்பாக்கி ரெண்டு வாரமா ஸ்டேஷனில் இருக்கிறது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். மாமனைப் பைக்கில் வைத்துக் கூட்டிப்போனவனே இவன்தான். ஆக, அனுப்பியதில் ஒரு பொய்கூடக் கிடையாது. பிற்பாடு அவன் இதைத் தனக்குத்தானே பல முறை சொல்லிக்கொண்டான்.

எட்டரை மணிக்குப் போட்டோ திரையில் வந்தது. மாமன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். காந்தலூரில் துப்பாக்கி வேட்டைக்காரர், போன் சுவிட்ச் ஆஃப், யார் இவர்? கடைசியில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். கேள்விக்குறி இருந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டி வராது என்று ஜோபி பின்னால் விளக்கினான்.

மாமன் கடலைக்காட்டுக்கு அடுத்த காட்டுக்காரர் குப்பண்ணன்தான் முதலில் பேசினார்.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துதுங்க. பன்னியச் சுடறப்ப அந்தாளு ஒரு கண்ண மூடிக்குவாரு."

துப்பாக்கி பிடிக்கிற எவனும் ஒரு கண்ணை மூடித்தான் குறி பார்ப்பான். ஆனால் அன்றைக்கு அது பெரிய தடயமாகப் போய்விட்டது. மாமன் ஆறு மாதமாகச் சரியாகச் சிரிப்பதில்லை என்று ஒருவர் சொன்னார். அதிகம் சிரிக்கிறார், அதுதான் சந்தேகம் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கோகுல்நாத் வெளியே வந்து மாமனுக்குப் போன் அடித்தான். அணைத்திருந்தது. அப்போதுதான் வழி ஞாபகம் வந்தது. மாமனுடைய பிக்கப் வண்டி மறையூர் இறங்கி, சின்னாறில் இரண்டு மாநிலச் செக்போஸ்டையும் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்து, உடுமலை, பொள்ளாச்சி சுற்றி வர வேண்டும். வழி நெடுக டீக்கடை, கடைக்குக் கடை டிவி. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் மாமன் தமிழ்நாட்டுக் கொலைகாரர், இந்தப் பக்கம் கேரளத்துக் கொலைகாரர். அன்று சாயங்காலம்தான் வழியில் ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில் நீளப்பை வைத்திருந்த ஒருவனைப் பிடித்துக் கூட்டமாக உதைத்திருந்தார்கள். பையில் இருந்தது நாதஸ்வரம். அதை எடுத்துப் பார்த்தபின்னும் கொஞ்ச நேரம் உதைத்தார்களாம்.

ஜோபியைக் கூப்பிட்டான். ஜோபி பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக, தான் எல்லாவற்றையும் அனுப்பியதாகவும், ஸ்டேஷன் சமாச்சாரம் நீளமாக இருக்கிறதென்று டெஸ்க்கில் வெட்டிவிட்டார்கள் என்றும் சொன்னான். வேண்டுமானால் குடும்பத்தின் தரப்பைக் காலையில் வந்து எடுத்துக்கொள்வானாம். சேனல் எப்போதும் நடுநிலையாம்.

காலையில் ரசீது வாங்க மாமன் வீட்டுக்குப் போனான். அத்தை நாச்சம்மாள் பால் கறந்துகொண்டிருந்தாள். ராத்திரியே மூன்று சொந்தக்காரர்கள் போன் செய்து ஆறுதல் சொல்லி, அப்படியே நகைகளைப் பத்திரப்படுத்திக்கொள்ளவும் சொல்லியிருந்தார்கள்.

"உங்க மாமன் பல்லியடிக்க வெளக்குமாத்தத் தேடறதுக்குள்ள பல்லி வயசாகிச் செத்துப்போகும். அந்த மனுசன் நாலு பேரச் சுட்டாராமா" என்றாள். மடியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "அந்தப் போட்டோவ யாருடா குடுத்தது?"

"பஞ்சாயத்துல இருந்து எடுத்திருப்பாங்க அத்தை."

அவன் சொன்ன முதல் பொய் அதுதான். சேனலுக்கு அனுப்பியதெல்லாம் நிஜம். வீட்டில் சொன்னதுதான் பொய்.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அவள் ரசீதை எடுத்துக் கொடுத்தாள். முதலில் ஸ்டேஷனுக்குப் போனான். அங்கே இருந்த போலீஸ்காரர் அலமாரிப் பக்கம் கை காட்டி, துப்பாக்கி அங்கேதான் இருக்கிறது, முப்பத்தேழாம் நம்பர் என்றார். இதை டிவிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டான். மேலிடத்து உத்தரவில்லாமல் உண்மை சொல்லத் தனக்கு அதிகாரம் கிடையாது என்றார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

ஜோபி காமிராவோடு வந்தான். கோகுல்நாத் ரசீதைத் தூக்கிப் பிடித்து ஆறு நிமிடம் பேசினான். தேதி, நம்பர், முத்திரை, அலமாரி எல்லாம் சொன்னான். மத்தியானம் ஒன்பது விநாடி வந்தது. பாதுகாப்புக்காக அவன் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். "என்ற மாமாகிட்டத் துப்பாக்கி இருக்குதுங்க" என்பதோடு நறுக்கிவிட்டார்கள். கீழே எழுத்து: குடும்பத்தினர் ஒப்புதல்.

சாயங்காலம் சேனலுக்குப் புது யோசனை வந்தது. சிவப்பு வட்டம் முகத்திலிருந்து தோளுக்கு இறங்கியது. தோள்மேல் யாருடைய கை? இரண்டாவது ஆளும் உண்டா? மணிக்கட்டில் செப்புக் காப்பு. அது ஏதாவது இயக்கத்தின் அடையாளமா என்று நாலு நிபுணர்கள் சண்டை போட்டார்கள். திரையின் இடது பாதியில் அந்தக் கை. வலது பாதியில் ரசீது பிடித்த கோகுல்நாத்தின் கை, அதே காப்போடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருபத்தைந்து நிமிடம் விவாதித்தார்கள். ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

மொய்தீனுக்குப் பட்டது. டிவியைப் பார்த்தார், கோகுல்நாத்தின் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு மிளகாய் நிறுக்கப் போய்விட்டார். அவன் வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் காப்பைக் கழற்றினான். அவனுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது: போட்டோ கொடுத்தவன் நான்தான், பெருமைக்குக் காட்டுவதற்குத்தான் கொடுத்தேன் என்று முகத்தை மறைக்காமல் அவனே ஒரு வீடியோ போட்டால் வழியில் மாமனுக்கு ஆபத்துக் குறையும். பேசிப் பதிவும் செய்தான். கேட்டுப் பார்த்தான். குரல் நன்றாக இல்லை என்று அழித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் பிடிபட்டான். விடுதி முதலாளியின் தம்பி. விடுதிக்குப் பின்னாலேயே மோட்டார் அறையில் பதுங்கியிருந்தான். முதல் மணியிலிருந்து போலீஸ் தேடியது அவனைத்தான். துப்பாக்கி பன்னிரண்டு போர் அல்ல, லைசென்சும் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. அப்பா கோட்டயத்துப் பக்கம், அம்மா தேனிப் பக்கம். யாருக்கும் முழுசாகப் பிரயோஜனப்படாத கொலைகாரன். மத்தியானத்துக்குள் இரண்டு சேனலும் மழைச் செய்திக்குப் போய்விட்டன.

மூன்று மணிக்கு மாமன் வண்டி கடை முன்னால் வந்து நின்றது. முன்கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிந்திருந்தது. மாமன் நெற்றியில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. மொய்தீனுக்குச் சொல்லியிருந்த காந்தலூர்ப் பூண்டு பின்னால் மூட்டை மூட்டையாக இருந்தது. குப்பண்ணன் ஓடிப்போய் ஸ்டூல் எடுத்துப் போட்டார். நீங்கள் அந்த மாதிரி ஆளே இல்லை என்று நாங்கள் முதலிலேயே சொன்னோம் என்றார். பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது.

மாமன் டீயைக் குடித்துவிட்டுத்தான் பேசினார். கல் எறிந்தது சமவெளிக்கு வந்தபின், ஒரு சிக்னலில். எறிந்தவனுக்கு வயது இருபதுகூட இருக்காது. எறிந்துவிட்டுப் போனில் படம் எடுத்தான். இவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். ஏன் போனை அணைத்து வைத்திருந்தீர்கள் என்று குப்பண்ணன் கேட்டார்.

"எழவு ஊட்ல போன் அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் மாமன். "பூண்டுக்காரி சுருளியம்மா செத்துப்போச்சு. அந்த விடுதியிலதான் சமையல் பண்ணிட்டு இருந்துச்சு. பாடையில ஒரு பக்கம் நான் புடிச்சேன். திரும்பி வந்தா அவங்க ஊட்டு டிவியில என் மூஞ்சி ஓடுது, நாந்தான் கொன்னேன்னு. அதோட அண்ணன் ரத்தினசாமி டிவி வயரப் புடுங்கிப்போட்டுட்டு, என்னைச் செக்போஸ்ட் வரைக்கும் கூட வந்து தாட்டிவிட்டாப்ல."

குப்பண்ணன், அந்தம்மாவுக்கு எத்தனை குண்டு பட்டது என்று விசாரித்தார்.

மாமன் அதைக் காதில் வாங்காமல் டம்ளரை வைத்தார். "வர்ற வழியில ஊட்டுக்குப் பேசினேன், பஞ்சாயத்துல குடுத்த போட்டோன்னா. பஞ்சாயத்துல எடுத்த போட்டோவுல என்ற கழுத்துல மாலை இருக்கும். டிவியில வந்ததுல மாலை இல்ல. அது வேற போட்டோ."

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கோகுல்நாத் பூண்டு மூட்டையை இறக்கப் போகிறவன் மாதிரி எழுந்தான். மூட்டையைப் பிடித்தபோது சட்டைக்கை மேலேறியது. வெயிலில் கறுத்த மணிக்கட்டில் வளையம் போட்டதுபோல் ஒரு வெளுத்த தடம்.

"காப்பு எங்க தம்பி?" என்றார் மொய்தீன், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதில் சொல்ல நிறைய இருந்தது. தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். அரிக்கிறது என்று சொல்லலாம். மாமன் நெற்றியில் பஞ்சு ஒரு ஓரம் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது.

"நான்தானுங்க மாமா குடுத்தேன். ரெண்டு நாளா எங்கயும் சொல்லல. அத்தைகிட்டப் பஞ்சாயத்துன்னு சொல்லிட்டேன்."

குப்பண்ணன் பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துதுங்க" என்றார். பக்கத்தில் ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தார்.

மாமன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவன் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்றை. அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஜோபி. மாமன் திரையில் அந்தப் பேரைப் பார்த்துவிட்டு, "எடு. சத்தமா வெய்" என்றார்.

ஜோபி உற்சாகமாக இருந்தான். மாமா ஊர் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டானாம். ஊகத்துக்குப் பலியான அப்பாவி என்று அரை மணி நேர நிகழ்ச்சி, இவர்களுக்கு மட்டும். முன்கண்ணாடியை மாற்றிவிட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றான்.

"வரச் சொல்லு" என்றார் மாமன். "அதுக்கு முன்னால செத்தவங்க நாலு பேரோட பேரைச் சொல்லச் சொல்லு."

கோகுல்நாத் கேட்டான். கேட்கும்போதே தனக்கும் ஒரு பெயர்தான் தெரியும், அதுவும் ஐந்து நிமிடமாகத்தான் தெரியும் என்று உறைத்தது. மூன்று நாளில் தோட்டாவின் விட்டம், சுட்ட தூரம், ஓடிய திசை எல்லாம் பேசியிருந்தான்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "ஒரு நிமிஷம் கோகுலே. டெஸ்க்ல செக் பண்ணிட்டு விளிக்கறேன்."

பன்னிரண்டு மூட்டைப் பூண்டு. கோகுல்நாத் தனியாகவே இறக்கினான், வீடியோ எடுத்தவரைச் சுற்றிக்கொண்டு நடந்து. இறக்கி முடிக்கிறவரை ஜோபி கூப்பிடவில்லை. தேர்தல் முடிந்தது. மாமன் பெயர் செய்தியில் அடிபட்டதால் விசாரித்துத்தான் தர முடியும் என்று ஸ்டேஷனில் முப்பத்தேழாம் நம்பர் துப்பாக்கியை நிறுத்தி வைத்தார்கள். கடலைக்காட்டைப் பன்றிகள் இரண்டு முறை உழுதுவிட்டுப் போயின. அவை செய்தி பார்ப்பதில்லை. ஜோபி இன்னும் செக் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறான்.