வீட்டுக்கு வந்த வயல்

தரிசு மானியம் அறிவித்த நாற்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, நான்கு ஏக்கர் வயல் ஒன்று தன்னை உழுதுவந்தவளின் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது. வரப்பு வாசற்படியில் கொஞ்சம் இடித்தது, மற்றபடி சேதமில்லை.

நிலம் டவுன்காரருடையது. பதினெட்டு வருடமாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவள் அவள். விதைக்காமல் சும்மா போட்டால் அரசாங்கம் பணம் கொடுக்கும், அதுவும் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் என்றானதும் டவுன்காரர் போனிலேயே விஷயத்தை முடித்துவிட்டார். "இனிமே அந்தப் பக்கமே போகாதம்மா. விதைச்சா மானியம் போயிடும்." மண்வெட்டி பிடித்த கைக்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை. கடைசியாக வயலிடம் சொல்லிக்கொள்ளப் போனவள், உறவுக்காரர்களை வழியனுப்பும் பழக்கத்தில், "முடிஞ்சா ஒரு நாள் வீட்டுக்கு வா" என்று வாய்தவறிச் சொன்னதுதான் தப்பு.

"செருப்பைக் கழட்டணுமா, வேணாமா?" என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டான் புருஷன்.

"வந்ததை வெளிய போன்னா சொல்ல முடியும்?" என்றாள் அவள். அன்றே சோளம் விதைத்தாள். இரண்டு அறைக்குள் நான்கு ஏக்கர் எப்படி அடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் அந்த வீட்டில் பதினோரு பேர் இருந்திருக்கிறார்கள். கட்டிலுக்கடியில் முளைத்தது கட்டிலையே தூக்கிக்கொண்டு வளர்ந்ததால், புருஷன் வாரத்துக்கு ஒரு சாண் கூடுதல் உயரத்தில் தூங்கினான்.

வயல் இருந்த இடத்தில் பள்ளம் கிடந்தது. மானிய ஆய்வாளர் எட்டிப் பார்த்து, 'பயிர் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். டவுன்காரருக்கு இரண்டு வருடம் மானியம் தவறாமல் வந்தது. மூன்றாம் வருடம், அவள் சந்தைக்குச் சோளம் கொண்டுபோவது காதில் விழுந்து, சர்வேயரோடு வந்து இறங்கினார்.

"என் நிலம் உன் வீட்டுல இருக்கா?"

"தானா வந்துச்சுங்க."

"அப்போ உன் வீடு என் நிலத்துல இருக்கு."

சர்வேயர் சங்கிலி போட்டுப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. அப்படியே எழுதிக்கொண்டார்.

கதிர் வைத்த பயிரைப் பிடுங்கச் சொன்னார்கள். மூன்று நாள் பிடுங்கினாள். வீடும் தரிசில் சேர்ந்தது. கூரைக்குத் தனி மானியம். அவளைக் காலி செய்யச் சொல்லவில்லை, டவுன்காரருக்கு அவ்வளவு இரக்கம். "இங்கேயே இரும்மா. எதுவும் முளைக்காம மட்டும் பார்த்துக்க. உனக்கில்லாத அக்கறையா?"

வயலுக்குத்தான் புத்தி வரவில்லை. விதைக்காமலே விடிந்தால் நாலு முளை விடும். "சும்மா இருன்னா கேக்க மாட்டியா? ரெண்டு பேரும் தெருவுல நிக்கணுமா?" என்று திட்டிக்கொண்டே கிள்ளி எறிவாள். நாளடைவில் அதுவும் பழகிக்கொண்டது. ஆய்வாளர் வரும் நாளில் அவளும் வயலும் மூச்சுக் காட்டாமல் கிடப்பார்கள். வட்டாரத்திலேயே மிகச் சிறப்பாகச் சும்மா கிடக்கும் நிலம் என்று போன மாதம் சான்றிதழ் வந்தது. டவுன்காரர் பெயருக்கு.